ஏற்றமில்லாத இங்கிலாந்து: கால்வாய்க் கரையிலும் ஏரிக் கரையிலும் நடக்க, சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமப்புறம் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் சமதளம் போலத்தான் தெரியும். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால்தான் உண்மை புரியும். மூச்சு வாங்க ஒரு மேடு ஏறி இறங்கினால் அடுத்த மேடு தயாராக நிற்கும். இரு பக்கமும் புதர்வேலி அடைத்த ஒற்றைத் தடச் சாலை, எதிரில் ஒரு டிராக்டர். முதல் தடவை இப்படி மாட்டிக்கொண்டு, பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதிய ஊருக்குப் போனால் முதலில் அங்கே தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பேன், அதன் கரையைப் பிடித்துக்கொள்வேன்.

தொடங்குபவர்களுக்கு ஏரியைவிடக் கால்வாய்தான் நல்லது என்பது என் கட்சி. காரணம் குதிரை. 1761இல் வோர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோகப் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்ததிலிருந்து, ரயில் வரும்வரை, இந்த நாட்டின் சரக்கைக் குதிரைகள் தண்ணீரில் இழுத்தன. தண்ணீரில் மிதக்கும் 25 டன் சுமையை ஒரே குதிரை இழுத்துவிடும். ஆனால் தண்ணீர் சரிவில் நிற்காதே! அதனால் பொறியாளர்கள் மலையைச் சுற்றி, வரைபடத்தின் சம உயரக்கோடு எப்படி வளைகிறதோ அப்படியே கால்வாயை வெட்டினார்கள். பக்கத்தில் குதிரை நடக்க ஒரு பாதையும் போட்டார்கள். அதுதான் டோபாத். அன்று குதிரைக்கு வசதியாகப் போட்ட சமதளம் இன்று நம் முழங்காலுக்கு வசதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் கால்வாய்களையும் ஆறுகளையும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் பராமரிக்கிறது. அதன் கரைப்பாதைகளில் நடக்கக் கட்டணம் கிடையாது.

எல்லாக் கால்வாயையும் பற்றிச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: கெனெட் - ஏவன் கால்வாய். ரெடிங் நகருக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர். அதில் பாத் நகரிலிருந்து டிவைசஸ் வரையான மேற்குப் பகுதி மட்டும். இதைச் செய்து பழகினால் மற்றவை தானாக வரும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். கரைப்பாதையில் விளக்கு கிடையாது, பக்கத்திலேயே தண்ணீர். எனவே குளிர்காலத்தில் போனால், பாதி நாள்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லோரும் சொல்லாத ஒன்று: செப்டம்பருக்குப் பிறகு விவசாயிகள் புதர்வேலிகளை வெட்டுவார்கள். ஹாதார்ன் முள் பாதை முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒரு அக்டோபர் மாதம் ஒரே மணி நேரத்தில் எனக்கு இரண்டு பங்க்சர். மாற்று டியூப் ஒன்றுதான் கையில். இரண்டாவது பங்க்சரை, படகிலேயே குடியிருக்கும் ஒரு பெரியவர் தன் ஒட்டுப்பெட்டியைக் கொடுத்துச் சரிசெய்ய வைத்தார். தேநீரும் கொடுத்தார். பயணத்தின் நல்ல பகுதியே அதுதான் என்றாலும், நீங்கள் இரண்டு டியூப் எடுத்துப் போங்கள்.

படி 2: எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது

இங்கிலாந்தில் அடுத்தவர் நிலத்தின் வழியே போக மக்களுக்கு உரிமையுள்ள பாதைகள் ஊரெங்கும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் எந்தப் பாதையில் எதில் போகலாம் என்பதில் கறாராக இருப்பார்கள். கம்பத்தில் உள்ள அம்பின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் நடப்பவர், குதிரை, சைக்கிள் எல்லாம். 1968இல் வந்த சட்டம்தான் இந்தப் பாதைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது. நாவற்பழ நிறத்திலும் சிவப்பிலும் அம்பு இருந்தால் அங்கேயும் சைக்கிளுக்குத் தடையில்லை. சிவப்பில் மோட்டார் வண்டியும் வரலாம்.

கால்வாய்க் கரைப்பாதை இந்தக் கணக்கில் சேராத தனி ரகம். பல இடங்களில் அது சட்டப்படியான பொதுப்பாதை அல்ல, உரிமையாளர் அனுமதிப்பதால் போகிறோம். பாத் - டிவைசஸ் பகுதியில் தேசிய சைக்கிள் வழித்தடம் எண் 4 இந்தக் கரையோடே செல்வதால் கவலை இல்லை. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் 4 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

வரைபடம் என்றால் ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரிசைதான். 1:25,000 அளவு, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். வயல்வேலிகூடத் தெரியும். கைபேசியிலும் அது கிடைக்கிறது. ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் அடிக்கடி போய்விடும், முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். கால்வாயில் தொலைந்துபோவது கடினம் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு பாலத்திலும் எண் பொறித்த பலகை இருக்கும். உதவிக்கு 999ஐ அழைக்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொல்வதுதான் இருக்கும் இடத்தைச் சொல்ல மிக எளிய வழி.

படி 3: சைக்கிளும் பையும்

பந்தய சைக்கிள் வேண்டாம். சற்று அகலமான டயர் (35 மில்லிமீட்டருக்கு மேல்) போட்ட சாதாரண ஹைப்ரிட் போதும். மணி கட்டாயம் வேண்டும். பாதையில் இறுக்கிய சரளை, சில இடங்களில் மண். பாத் முதல் பிராட்ஃபர்டு-ஆன்-ஏவன் வரை நன்றாக இருக்கும். அதைத் தாண்டினால் கொஞ்சம் கரடுமுரடு, மழைக்குப் பின் சேறு.

ஜீன்ஸ் போடாதீர்கள். பருத்தி நனைந்தால் காயாது. நனைந்த ஜீன்ஸோடு காற்றில் போனால் ஜூலையிலும் நடுங்குவீர்கள். மெல்லிய மழைச் சட்டை, ஒரு ஸ்வெட்டர், கையுறை, தண்ணீர், டயர் நெம்பி, பம்ப். சாப்பாட்டுக்கு வழியில் பப்கள் உண்டு, ஆனால் மதிய உணவு நேரம் முடிந்துபோனால் சமையலறையை மூடிவிடுவார்கள். நான் டப்பாவில் புளியோதரை எடுத்துப் போவேன். குலுக்கலும் குளிரும் அதை ஒன்றும் செய்யாது.

படி 4: முதல் நாள், பாத் முதல் பிராட்ஃபர்டு வரை

சுமார் 16 கிலோமீட்டர். சைக்கிளில் நின்று நின்று போனால் இரண்டரை மணி நேரம், நடந்தால் நான்கிலிருந்து ஐந்து மணி நேரம்.

பாத் ரயில் நிலையத்தின் பின்பக்கமாக வெளியே வந்தால் ஏவன் ஆறு. நடைபாலத்தில் அதைக் கடந்தால் விட்கோம். கால்வாய் ஆற்றிலிருந்து பிரிந்து மேலேறும் இடம் அங்கேதான். முதல் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஏற்றம்: ஆறு லாக்குகள், அதாவது படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள் (விவரம் படி 5இல்). அவற்றில் ஒன்று ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம், எட்டிப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். ஏறி முடித்ததும் சிட்னி கார்டன்ஸ் பூங்காவுக்குள் கால்வாய் நுழைகிறது. மேலே 1800ஆம் ஆண்டு வார்ப்பிரும்புப் பாலங்கள், பக்கத்துப் பள்ளத்தில் ரயில் பாதை. இனி பிராட்ஃபர்டு வரை ஒரு லாக்கும் இல்லை. நீர்மட்டம் ஒரே மட்டம், பாதையும் அப்படியே.

கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கீழே பள்ளத்தாக்கு என்று காட்சி மாறும். அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு போகிறது, ரயில் போகிறது, சாலை போகிறது. அவற்றுக்கு மேலே, மலை விலாவில், நீங்கள். ஆற்றுக்கு மேலே ஒரு கால்வாயில் எப்படித் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்வி வந்தால் கிளாவர்டன் நீரேற்று நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 1813இல் கட்டியது. ஆற்றின் வேகத்தைக் கொண்டே ஒரு பெரிய நீர்ச்சக்கரத்தைச் சுழற்றி, அதே ஆற்றின் நீரைச் சுமார் 14 மீட்டர் உயரத்திலுள்ள கால்வாய்க்கு ஏற்றினார்கள். நிலக்கரியே வேண்டாம். வடிவமைத்தவர் இந்தக் கால்வாயின் பொறியாளர் ஜான் ரென்னி. இப்போது தன்னார்வலர்கள் சில நாட்களில் மட்டும் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள், கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டன்டாஸ். இங்கே கால்வாய் ஆற்றின் மேலாகக் கடந்து எதிர்க் கரைக்குப் போகிறது. பாலத்தின் மேல் சாலைக்குப் பதில் தண்ணீர், தண்ணீரில் படகு. தேன் நிறப் பாத் கல்லில் மூன்று வளைவுகள். மேலே நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் பலர். கீழே இறங்கி ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் இதைக் கட்டியவர்களின் துணிச்சல் தெரியும். இதே மாதிரி இன்னொரு நீர்ப்பாலம் ஏவன்கிளிஃபில் இருக்கிறது. கட்டி முடித்த பின் அதன் நடு வளைவு சற்றுத் தொய்ந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும். புதியவர்கள் வழி தவறுவது இங்கேதான். கரைப்பாதை கால்வாயின் மறுபக்கத்துக்கு மாறுகிறது. நீர்ப்பாலத்தின் அடியில் இறங்கி மறுபுறம் ஏற வேண்டும். நடப்பவர்கள் களைத்துவிட்டால் இங்கேயே ரயில் ஏறிவிடலாம். நிலையம் மிகச் சிறியது, நிற்க வேண்டுமென்றால் ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும், நம்மூர்ப் பேருந்து மாதிரி.

பிராட்ஃபர்டு நெருங்கும்போது கால்வாய்க்குக் கீழே கல்ஓடு வேய்ந்த நீண்ட கட்டடம் ஒன்று தெரியும். ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்தின் விளைச்சலைச் சேர்த்துவைத்த 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம், 51 மீட்டர் நீளம். உள்ளே போய் மேலே உள்ள மரச் சட்டங்களைப் பாருங்கள்.

முதல் நாளை இங்கே முடித்துக்கொள்ளச் சொல்வேன். ரயிலில் பாத் திரும்ப கால் மணி நேரம்தான். ஒரே நாளில் டிவைசஸ் வரை போகலாம், சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் டிவைசஸில் ரயில் நிலையம் கிடையாது, 1966இலேயே மூடிவிட்டார்கள். சைக்கிளோடு அங்கே போய் நின்றால் திரும்பி ஓட்டித்தான் வர வேண்டும்.

படி 5: இரண்டாம் நாள், கேன் ஹில்

பிராட்ஃபர்டிலிருந்து கேன் ஹில் போய் வரச் சுமார் 36 கிலோமீட்டர். பிராட்ஃபர்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்து மேய்ச்சல் நிலமாகிவிடும். செமிங்டனில் இரண்டு லாக், சீண்டில் ஐந்து. உண்மையைச் சொன்னால் இந்தப் பகுதி கொஞ்சம் சலிப்பு. அப்புறம் ஃபாக்ஸ்ஹேங்கர்ஸ் என்ற இடம் வரும், அங்கிருந்து கதையே வேறு.

எதிரே ஒரு குன்று, அதுதான் கேன் ஹில். அதன் மேலே டிவைசஸ். வளைந்து போக வழியில்லை, ஏறியே ஆக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் 72 மீட்டர் ஏற்றத்துக்கு 29 லாக்குகள் வைத்தார் ரென்னி. நடுவில் 16 லாக்குகள் ஒரே நேர்கோட்டில், ஏணிப்படி மாதிரி. கீழே நின்று பார்த்தால் கறுப்பு வெள்ளை மரக்கைகள் வரிசையாக வானத்தை நோக்கிப் போகும்.

லாக் என்பதைப் பூட்டு என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது, மதகு என்றாலும் சரியாகாது. தண்ணீருக்கான லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் கதவுள்ள ஒரு தொட்டி. மேலே போகும் படகு கீழ்க் கதவு வழியே உள்ளே வரும். கீழ்க் கதவை மூடிவிட்டு, மேல் பக்கத்துச் சிறு மடைகளை இரும்புக் கைப்பிடியால் சுழற்றித் திறப்பார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு உயரும். உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்தபின்தான் மேல் கதவு அசையும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. கதவுகள் மேல்நீரை நோக்கி முனை நீட்டிய ஆங்கில 'வி' வடிவில் மூடுவதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கி வைக்கிறது. தாழ்ப்பாளே தேவையில்லை. சென்னைப் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் லாக்குகள் இருந்தன. படகுப் போக்குவரத்தோடு அவையும் நினைவிலிருந்து போய்விட்டன.

ஒரு படகு ஒரு லாக்கைக் கடக்க ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் கீழே இறங்கிவிடும். லாக்குகளுக்கிடையே தூரம் மிகக் குறைவாக இருந்தால் இடையிலுள்ள கால்வாய் வற்றிப் படகு தரை தட்டிவிடும். அதற்காக அந்த 16 லாக்குகளின் பக்கவாட்டில் பெரிய குளங்களைத் தோண்டி வைத்தார் ரென்னி. இன்று அவற்றில் அன்னங்களும் நீர்க்கோழிகளும். கால்வாய் முழுமையானது 1810இல், கடைசியாக முடிந்தது இந்த ஏணிதான். அதுவரை சரக்கைக் குதிரை டிராம் வண்டியில் ஏற்றிக் குன்றின் மேல் கொண்டுபோனார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதற்கு ஆயுள் கொஞ்சம்தான். 1841இல் லண்டன் - பிரிஸ்டல் ரயில் வந்தது. 1852இல் ரயில் நிறுவனமே கால்வாயை வாங்கிவிட்டது. போட்டியாளனிடம் கடையை விற்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த லாக்குகளில் புல் முளைத்திருந்தது. தன்னார்வலர்கள் பல ஆண்டு சேறு அள்ளி மீட்ட பின், 1990இல் ராணி எலிசபெத் மறுபடி திறந்துவைத்தார்.

படகு ஒன்று முழு ஏணியையும் ஏற ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். கதவின் மரக்கையைத் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் "உதவட்டுமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். மரக்கையில் முதுகை வைத்துக் கால்களால் பின்னோக்கித் தள்ள வேண்டும். கேட்காமல் மட்டும் எதையும் தொடாதீர்கள். தவறான மடையைத் திறந்தால் படகு கவிழக்கூடும். குழந்தைகளைத் தொட்டி விளிம்பில் நிற்க விடாதீர்கள். சுவர் பாசி பிடித்து வழுக்கும்.

ஏணியின் உச்சியில் ஒரு சிறு கஃபே இருக்கிறது. சைக்கிள் இல்லாமல் நடந்து மட்டும் பார்க்க விரும்பினால் டிவைசஸ் வரை பேருந்தில் வந்து, ஏணி வழியே இறங்கி ஏறினால் போதும்.

கரைப்பாதையில் நடந்துகொள்ளும் விதம்

இங்கே நடப்பவர்தான் முதலாளி. சைக்கிள்காரர் வேகம் குறைத்து, மணியை இரண்டு தட்டுத் தட்டி, வழி கிடைத்தபின் போக வேண்டும். பாலத்துக்கு அடியில் பாதை குறுகி எதிரே வருபவர் தெரியமாட்டார். அங்கே இறங்கித் தள்ளுவதே மேல். பாலத்தின் மூலைக் கல்லில், குதிரைக் கயிறு தலைமுறை தலைமுறையாக உரசி அறுத்த பள்ளங்கள் சில இடங்களில் இருக்கும்; இறங்கினால் அதையும் பார்க்கலாம். தூண்டில்காரர்களின் கம்பு சில சமயம் பாதையின் குறுக்கே பல மீட்டர் நீண்டு கிடக்கும். நின்று காத்திருங்கள், அதன் விலை உங்கள் சைக்கிளைவிட அதிகமாக இருக்கலாம். வரிசையாகக் கட்டியிருக்கும் நாரோபோட்டுகள் (கால்வாய்க்கென்றே கட்டிய குறுகிய நீளப் படகுகள்) பலருக்கு வீடு, ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள்.

வசந்தத்தில் அன்னம் முட்டையிட்டிருந்தால் சீறிக்கொண்டு வரும், விலகிப் போங்கள். வயல் வழியே நடக்கும்போது கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிப் போங்கள். வேலிக்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைக் குடைப் பூ பூக்கும் ஜயன்ட் ஹாக்வீட் செடியைத் தொடவே கூடாது. அதன் பால் பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும். கால்வாய் நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் காயத்தை மூடிவையுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். உயரப் புல்லில் நடந்திருந்தால் வீடு வந்ததும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஏரிகள்

கால்வாய் கைவந்தபின் ஏரிக்குப் போங்கள். சைக்கிளுக்கு ரட்லண்ட் வாட்டர். 1970களில் அணை கட்டி உருவாக்கிய நீர்த்தேக்கம், பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரியது. சுற்றுப்பாதை சுமார் 27 கிலோமீட்டர். நடுவில் நீளும் ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்தால் 37. முதல் தடவை அந்தத் தீபகற்பத்தை விட்டுவிடுங்கள், மேடு அங்கேதான் அதிகம். இங்கே உண்மையான எதிரி காற்று. கிளம்பும் முன் காற்றின் திசையைப் பார்த்து, புதுத் தெம்போடு இருக்கும் முதல் பாதியில் எதிர்க்காற்று வரும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். தென்கரையில் பாதி புதைந்ததுபோல நீருக்குள் நிற்கும் நார்மன்டன் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1996இல் இங்கே விராலடிப்பான் பறவைகளை மீண்டும் குடியேற்றத் தொடங்கி, 2001இல் அவை குஞ்சு பொரித்தன. கோடையில் அவை மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். ஓக்கம் ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளிலேயே ஏரிக்குப் போய்விடலாம்.

நடப்பவர்களுக்கு ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்). மழை அதிகம், சீத்வெய்ட் என்ற சிற்றூர்தான் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறுவது. ஏரிப் பெயர்களில் 'லேக்' என்று தேடாதீர்கள். அதிகாரபூர்வமாக அந்தப் பெயருள்ளது பாசன்த்வெய்ட் ஒன்றுதான். மற்றவை எல்லாம் மியர், வாட்டர், டார்ன். முதல் ஏரியாக டெர்வென்ட்வாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பென்ரித் வரை ரயில், அங்கிருந்து கெசிக் வரை பேருந்து. சுற்றுப்பாதை சுமார் 16 கிலோமீட்டர், தென்முனைச் சதுப்பில் மரப்பலகை நடைபாதை. இந்த ஏரியைச் சொல்லக் காரணம் அழகு மட்டும் அல்ல. சுற்றிலும் ஏழு இறங்குதுறைகளில் படகு நின்று போகிறது. கால் வலித்தால், மழை வலுத்தால், அடுத்த துறையில் ஏறி கெசிக் திரும்பிவிடலாம். கோடையில் படகுகள் இரு திசையிலும் ஓடும், குளிர்காலத்தில் எண்ணிக்கை குறையும். அதனால் கெசிக்கில் நடக்கத் தொடங்கும் முன்பே, துறையில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையை, குறிப்பாகக் கடைசிப் படகின் நேரத்தை, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.